‘கம்பிங் ஹீத்தாம்’ கறுப்பு ஆடு அல்ல: ஆங்கில மரபுத்தொடர்களுக்குள் விலங்குகள் வந்த கதை

ஜார்ஜ்டவுன்: செய்தித்துறைக்கு வந்த புதிதில் நான் செய்த ஒரு தவற்றிலிருந்து இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன்.

ஒரு சங்கத்தின் கணக்கில் பணம் குறைந்திருந்தது. முன்னாள் பொருளாளர் மீது எல்லாரும் பாய்ந்தார்கள். செய்தியாளர் சந்திப்பில் ஒரே ஒரு செயலவை உறுப்பினர் மட்டும் அவருக்காகப் பேசினார். மலாய்மொழியில்தான் பேசினார். ‘டியா டிஜாடிக்கான் கம்பிங் ஹீத்தாம்’ என்றார். கம்பிங் என்றால் ஆடு, ஹீத்தாம் என்றால் கறுப்பு. நான் யோசிக்கவே இல்லை. ‘அவர் கறுப்பு ஆடாகிவிட்டார்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை அந்த முன்னாள் பொருளாளரே தொலைபேசியில் அழைத்தார். கோபப்படவில்லை. “எனக்காகப் பேசுன ஒரே ஆளு அவருதான் தங்கச்சி. அவரே என்னைத் துரோகின்னு சொன்ன மாதிரி எழுதிட்டீங்களே” என்றார். அவருடைய பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலும் சிலர் கேட்டுவிட்டார்களாம்.

மலாயில் ‘கம்பிங் ஹீத்தாம்’ என்றால், மற்றவர் செய்த தப்புக்கு அநியாயமாகப் பழி சுமப்பவர். தமிழில் ‘கறுப்பு ஆடு’ என்றால், கூட்டத்துக்குள் இருந்துகொண்டே கெடுதல் செய்பவர். சொற்கள் இரண்டும் ஒன்றே, பொருள் நேர் எதிர். அடுத்த நாள் இரண்டு வரியில் திருத்தம் வந்தது. முதல் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் அந்தத் திருத்தத்தைப் படித்திருப்பார்கள்?

அன்றிலிருந்து விலங்கு வரும் மரபுத்தொடர் எதைப் பார்த்தாலும், அந்த விலங்கு அங்கே எப்படி வந்தது என்று தேடிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் ‘செய்யுளும் மொழியணியும்’ பகுதியில் மரபுத்தொடர், உவமைத்தொடர், பழமொழி எல்லாம் படிக்கிறார்கள். மலாய்ப் பாடத்தில் ‘சிம்புலான் பஹாசா’வும் ‘பெரிபஹாசா’வும் படிக்கிறார்கள். ஆங்கிலப் பாடத்தில் ‘இடியம்’ படிக்கிறார்கள். மூன்று பட்டியல்களையும் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு பட்டியலில் உள்ள ஆட்டை இன்னொரு பட்டியலுக்குள் ஓட்டிவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை.

ஓர் ஊரில் நான்கு ஆடுகள்

முதலில் அந்த ஆட்டையே பார்ப்போம். ஆங்கிலத்தில் இரண்டு ஆடுகள் உண்டு. ஒன்று ‘ஸ்கேப்கோட்’, மற்றது ‘பிளாக் ஷீப்’.

ஸ்கேப்கோட் என்ற சொல்லுக்குப் பிறந்த ஆண்டே தெரியும். வில்லியம் டிண்டேல் பைபிளின் முதல் 5 நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1530இல் வெளியிட்டார். லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் ஒரு சடங்கு வருகிறது. இரண்டு ஆடுகளைக் கொண்டுவருவார்கள். ஒன்றைப் பலியிடுவார்கள். மற்றதன் தலையில் கை வைத்து, மக்கள் செய்த பாவங்களையெல்லாம் அதன்மேல் ஏற்றி, பாலைவனத்துக்கு ஓட்டிவிடுவார்கள். அந்தத் தப்பிப்போகும் ஆட்டுக்கு டிண்டேல் வைத்த பெயர்தான் ஸ்கேப்கோட். ‘எஸ்கேப்’ என்ற சொல் அதற்குள் ஒளிந்திருக்கிறது. பிறர் குற்றத்தைச் சுமப்பவர் என்ற பொருள் பின்னால் வந்தது.

பிளாக் ஷீப் வேறு கதை. அது வெள்ளாடு அல்ல, கம்பளி தரும் செம்மறியாடு. வெள்ளைக் கம்பளிக்கு எந்தச் சாயமும் ஏற்றலாம். கறுப்புக் கம்பளியில் சாயம் ஏறாது, அதனால் விலையும் குறைவு. மந்தையில் ஒரு கறுப்புக் குட்டி பிறந்தால் வளர்ப்பவருக்கு நட்டம். குடும்பத்தின் பெயரைக் கெடுக்கும் பிள்ளைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று தமிழ் நாளிதழ்களில் வரும் ‘கறுப்பு ஆடு’ இந்த ஆங்கில ஆட்டிலிருந்து வந்ததுதான்.

நம்முடைய ஆடு இந்த இரண்டுமே இல்லை. அது பலிகடா. தோட்டத்து முனீஸ்வரன் கோயில் பூசைக்குப் போனவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஆட்டுக்கு மாலை போட்டு நிறுத்தி, மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்துத் தலையை ஆட்டினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாகக் கணக்கு. அதன் பிறகே வெட்டு. டிண்டேலின் ஆடு பாவத்தோடு உயிர் பிழைத்து ஓடுகிறது. நம் ஆடு ஊருக்காக உயிரையே கொடுக்கிறது. சடங்கு வேறாக இருந்தாலும், ஊருக்காகத் தனியாகச் சுமக்கும் நிலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஆக, நான் எழுதியிருக்க வேண்டிய வரி இது: ‘அவரைப் பலிகடா ஆக்கிவிட்டார்கள்.’

எலித் தீவில் ஒரு வெள்ளை யானை

பாதியில் நின்ற கட்டடம், ஆளில்லாத பேரங்காடி போன்ற செய்திகளில் ‘வெள்ளை யானைத் திட்டம்’ என்ற தொடர் அடிக்கடி வரும். மலாயில் ‘புரோஜெக் காஜா பூத்தே’, ஆங்கிலத்தில் ‘வைட் எலிஃபண்ட்’. இந்த யானை நமக்குப் பக்கத்து வீட்டு யானை.

புலாவ் திக்குஸ் வட்டாரத்தில் உள்ள பர்மா லோரோங்கில் நடந்து பாருங்கள். புலாவ் திக்குஸ் என்றாலே எலித் தீவு என்றுதான் பொருள். அந்தச் சந்தில் ஒரு பக்கம் 1803இல் தொடங்கிய பர்மியர் கோயில். எதிரே 1845இல் எழுந்த சயாமியர் கோயில். இன்று சுற்றுப்பயணிகள் ஒன்றிலிருந்து மற்றதற்குச் சாலையைக் கடந்து போகிறார்கள். ஆனால் இந்த இரு நாடுகளும் ஒரு காலத்தில் வெள்ளை யானையைக் காரணம் காட்டிப் போரே நடத்தியிருக்கின்றன. 1563இல் பர்மிய மன்னர் பயின்னவுங், அயுத்தயா மன்னரிடம் இருந்த வெள்ளை யானைகளில் இரண்டைக் கேட்டார். கிடைக்கவில்லை. படையோடு கிளம்பிவிட்டார். வெள்ளை யானை வைத்திருப்பவரே மாமன்னர் என்பது அன்றைய நம்பிக்கை. 1916 வரை சயாமின் கொடியில்கூட வெள்ளை யானை நின்றது.

அப்படி மதிக்கப்பட்ட யானை எப்படி ஆங்கிலத்தில் வீண் செலவு ஆனது? சயாம் மன்னர் தமக்குப் பிடிக்காத அதிகாரிக்கு வெள்ளை யானையைப் பரிசாகக் கொடுப்பாராம். அதை விற்கவும் முடியாது, வேலை வாங்கவும் முடியாது. தீனி போட்டே அவர் ஓட்டாண்டி ஆவாராம். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இந்தக் கதையை ரசித்துச் சொன்னார்கள், தொடரும் பரவியது. ஆனால் அப்படி ஒரு மன்னர் உண்மையில் கொடுத்ததற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. வெள்ளை யானை எங்கே பிடிபட்டாலும் மன்னருக்கே சொந்தம் என்பதுதான் அங்கே மரபு. 1884இல் அமெரிக்க சர்க்கஸ் முதலாளி பார்னம் பெரும் பணம் செலவழித்து பர்மாவிலிருந்து ஒரு வெள்ளை யானையை வரவழைத்தார். அது சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும் என்று வந்த கூட்டம், சாம்பல் நிறத்தில் ஆங்காங்கே இளஞ்சிவப்புத் திட்டு கொண்ட யானையைப் பார்த்து ஏமாந்து போனது.

நமக்கு வெள்ளை யானை என்றால் இந்திரனின் ஐராவதம். சுந்தரர் கயிலாயம் போனதும் வெள்ளை யானை மேல்தான். அதனால் தோட்டத்தில் வளர்ந்த ஒரு பெரியவரிடம் ‘அந்தக் கட்டடம் ஒரு வெள்ளை யானை’ என்று சொன்னால், ஏதோ நல்ல சேதி என்றுகூட அவர் நினைக்கலாம். நம்மிடம் இதற்கு அழகான தொடர் ஏற்கெனவே இருக்கிறது: ‘யானையைக் கட்டித் தீனி போடுவது’. யானை வெள்ளையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எந்த யானையானாலும் கட்டுப்படியாகாது என்பது தமிழருக்குத் தெரியும்.

அழுவது முதலையா, ஓநாயா?

ஆங்கிலத்தில் ‘குரோக்கடைல் டியர்ஸ்’. தமிழில் ‘முதலைக் கண்ணீர்’. மலாயில் ‘ஆயர் மாத்தா புவாயா’. மூன்றிலும் ஒரே பொருள்: பொய்யான அழுகை. இந்த ஒரு தொடரை எந்தப் பக்கம் மாற்றினாலும் ஆபத்து இல்லை.

முதலை இரையைத் தின்றுகொண்டே அழும் என்பது ஐரோப்பாவில் பழைய நம்பிக்கை. 14ஆம் நூற்றாண்டில் பரவலாகப் படிக்கப்பட்ட மாண்டவில்லின் பயண நூலில் இது வருகிறது. ஷேக்ஸ்பியரும் ‘ஒத்தெல்லோ’ நாடகத்தில் இதைப் பயன்படுத்தியிருக்கிறார். உண்மையிலேயே முதலை அழுமா? அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கென்ட் விலியட், மால்கம் ஷேனர் என்ற இரு ஆய்வாளர்கள் முதலையின் நெருங்கிய உறவினங்களான அலிகேட்டர், கெய்மன் ஆகியவற்றைத் தீனி தின்னும்போது படம் பிடித்தார்கள். 7இல் 5 கண்ணீர் விட்டன. 2007இல் அந்த ஆய்வு வெளிவந்தது. அது துக்கத்தால் வந்த கண்ணீர் அல்ல. தின்னும்போது ‘உஸ்’ என்று மூச்சு விடுகையில் காற்று கண்ணீரைத் தள்ளியிருக்கலாம் என்கிறார்கள்.

முதலைக் கண்ணீர் தமிழில் நன்றாகவே வேரூன்றிவிட்டது. ஆனால் நம் பாட்டிமார் வாயில் இதைவிடக் கூர்மையான ஒன்று உண்டு: ‘ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம்.’ முதலைக் கண்ணீர் என்றால் அழுகை பொய் என்பது மட்டுமே தெரியும். ஓநாய்த் தொடரில் யார் அழுகிறார், யாருக்காக அழுவதாகச் சொல்கிறார், உள்ளே என்ன திட்டம் என்பது எல்லாமே இருக்கிறது. ஆட்டுக்குக் குடை பிடிக்கவா ஓநாய் வருகிறது?

மலாயில் இன்னொரு முதலையும் உண்டு, கவனம். ‘புவாயா டாராட்’ என்றால் சொல்லுக்குச் சொல் தரைமுதலை. பொருள், பெண்களை ஏமாற்றித் திரிபவன். இதைத் ‘தரைமுதலை’ என்று தமிழில் எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது.

கடனில் சுறாவும் அட்டையும்

அதேபோல் ‘லிந்தா டாராட்’. சொல்லுக்குச் சொல் தரை அட்டை. அநியாய வட்டிக்குக் கடன் கொடுப்பவரை இப்படிச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அவர் ‘லோன் ஷார்க்’, கடன் சுறா. நாம் பேச்சில் ‘ஆலோங்’ என்கிறோம். சீனர்களிடமிருந்து வந்த சொல் அது.

ஒரே ஆளுக்கு ஒரு மொழியில் சுறா, ஒரு மொழியில் அட்டை. கடலோடிகளுக்கு ஒரே கடியில் காலை எடுக்கும் சுறாமீது பயம். மழைக்காடும் சதுப்பும் சூழ்ந்த நாட்டில், கடிப்பது தெரியாமல் ஒட்டிக்கொண்டு உறிஞ்சும் அட்டைமீது பயம். தோட்டத்தில் காலையில் வேலைக்காட்டுக்கு இறங்கியவர்கள் காலில் அட்டையோடு திரும்பியிருக்கிறார்கள். அதனால் ‘அட்டையாட்டம் உறிஞ்சுறான்’ என்பது நமக்கும் சொந்த வழக்குதான். ஆலோங்கைப் பற்றி எழுதும்போது ‘கடன் சுறா’ என்று எழுதத் தேவையே இல்லை.

பல்லைப் பார்த்து வயது சொல்வது

‘கிஃப்ட் ஹார்ஸ்’ என்று ஒரு தொடர். பரிசாக வந்த குதிரையின் வாயைத் திறந்து பார்க்காதே என்பது முழு வடிவம். இது ஆங்கிலத்தில் பிறந்ததே இல்லை. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லத்தீனில் எழுதிய புனித ஜெரோம், அப்போதே இதை ஊரறிந்த பழமொழி என்று குறிப்பிடுகிறார். 1546இல் ஜான் ஹேவுட்டின் ஆங்கிலப் பழமொழித் தொகுப்பில் இது இடம்பெற்றது.

குதிரைக்கு வயதாக ஆகப் பல் தேய்ந்து வடிவம் மாறும். வாங்குபவர் வாயைத் திறந்து பார்த்து வயதைக் கணிப்பார். இலவசமாகக் கொடுத்தவர் முன்னால் அப்படிச் செய்வது அவமரியாதை. நம்மிடம் அச்சு அசலாக இதே பழமொழி இருக்கிறது. குதிரைக்குப் பதில் மாடு: ‘தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே.’ மாட்டுக்கும் பல்லைப் பார்த்துத்தான் வயது சொல்வார்கள். மாட்டுச் சந்தைக்குப் போன தாத்தா வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், எத்தனை பல் முளைத்தால் எத்தனை வயது என்று விரல் விட்டுச் சொல்வார்.

குதிரை வாயைப் பற்றி இன்னொரு தொடரும் உண்டு. ‘ஸ்ட்ரெய்ட் ஃப்ரம் தி ஹார்ஸஸ் மௌத்’, அதாவது குதிரையின் வாயிலிருந்தே நேராக. சம்பந்தப்பட்டவரே சொன்ன நம்பகமான தகவல் என்று பொருள். இது பந்தயத் திடலில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தது. எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று குதிரைக்காரன் சொல்வதைவிடக் குதிரையே சொன்னால் எப்படி இருக்கும் என்ற கேலி அது. 1864லேயே குதிரைப் பந்தயச் சங்கம் அமைந்த பினாங்குக்கு இந்தக் கேலி புரியாமல் போகாது.

பறவை அங்கே, மாங்காய் இங்கே

ஆங்கிலேயர் ஒரே கல்லில் இரண்டு பறவைகளைக் கொல்கிறார்கள். நாம் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கிறோம். மலாய்க்காரர்கள் முக்குளிக்கும்போதே தண்ணீரும் குடித்துவிடுகிறார்கள்: ‘சம்பில் மெஞெலாம் மீனும் ஆயர்.’ பொருள் மூன்றிலும் ஒன்றே. விலங்கு ஒன்றில் மட்டுமே இருக்கிறது. ‘ஒரே கல்லில் இரண்டு பறவைகள்’ என்று தமிழில் எழுதும் மாணவர் இலக்கணப் பிழை எதுவும் செய்யவில்லை. ஆனால் மாங்காயைத் தொலைத்துவிட்டார்.

சில இடங்களில் நம் பழைய நூல்கள் ஆச்சரியம் தருகின்றன. ‘லாஸ்ட் ஸ்ட்ரா’ என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். ஒட்டகத்தின் முதுகை முறித்தது கடைசியாக வைத்த ஒரு வைக்கோல் துரும்பு என்பது கருத்து. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இதே தொடர் வேறு உருவில் இருந்தது. அங்கே ஒட்டகம் இல்லை, குதிரை. துரும்பு இல்லை, இறகு. வள்ளுவரின் 475ஆம் குறளை நினைத்துப் பாருங்கள். மயிலிறகுதானே என்று அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சே முறியும் என்கிறார். தைப்பூசத்துக்கு முதல் நாள் ஊர்வலமாகப் போகும் வெள்ளி இரதத்தைப் பார்க்கும் பினாங்குப் பிள்ளைக்கு அச்சு என்றால் என்ன, அது முறிந்தால் என்ன ஆகும் என்று காட்டிவிடலாம். ஒட்டகத்தை எங்கே போய்க் காட்டுவது?

ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் என்பது பைபிள் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. தமிழில் ‘பசுத்தோல் போர்த்திய புலி’. ஆனால் 273ஆம் குறளில் நிலைமை தலைகீழ். அங்கே பசு புலித்தோலைப் போர்த்திக்கொண்டு மேய்கிறது. மன உறுதி இல்லாமலே துறவி வேடம் போடுபவரை வள்ளுவர் அப்படிக் காட்டுகிறார். பசுத்தோல் புலி ஆளைக் கொல்ல வருகிறது. புலித்தோல் பசு யாருக்கும் தெரியாமல் பயிரை மேய வருகிறது. இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

மழையில் விழுந்த நாயும் பூனையும்

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கை மூழ்கடித்த மழையை நாம் மறக்க முடியாது. அந்த மழையை ஆங்கிலத்தில் ‘கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்று சொல்லலாம். பூனையும் நாயுமாகப் பெய்ததாம். ஏன்?

வாட்ஸ்அப்பில் ஒரு விளக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தக் காலத்து ஆங்கிலேயர் வீட்டுக் கூரை வைக்கோலாம். குளிருக்கு நாயும் பூனையும் அதில் படுத்திருக்குமாம். மழை பெய்தால் வழுக்கிக் கீழே விழுமாம். இது 1999 வாக்கில் மின்னஞ்சலில் பரவிய கட்டுக்கதை. நாய் கூரைமேல் ஏறிப் படுக்குமா? உண்மையில் இந்தத் தொடரின் மூலம் இன்னும் உறுதியாகவில்லை. 17ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இதன் பழைய வடிவம் எழுத்தில் வந்துவிட்டது. 1738இல் ஜொனதன் ஸ்விஃப்ட் இன்றைய வடிவில் எழுதினார். அவ்வளவுதான் உறுதி.

‘பூனையைப் பையிலிருந்து வெளியே விடுவது’, அதாவது இரகசியத்தை உளறுவது, இதுவும் அப்படித்தான். சந்தையில் பன்றிக்குட்டி என்று சொல்லிப் பையில் பூனையைக் கட்டிக் கொடுத்து ஏமாற்றினார்கள், பை அவிழ்ந்ததும் குட்டு வெளிப்பட்டது என்பார்கள். 1760இல் இந்தத் தொடர் அச்சில் வந்தது உண்மை. சந்தைக் கதைக்கு உறுதியான சான்று இல்லை.

நாமும் இந்த விஷயத்தில் குறைந்தவர்கள் இல்லை. ‘கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை’ என்பதற்கு ‘உண்மைப் பொருள்’ என்று ஒரு செய்தி உங்கள் குடும்பக் குழுவிலும் வந்திருக்கும். அது கழுதை இல்லையாம், ‘கழு’ என்ற கோரைப்புல்லாம், அதில் பாய் தைத்தால் கற்பூரம் மணக்குமாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ‘கழுதைக்குத் தெரியுமா கந்தப்பொடி வாசனை’ என்று இன்னொரு வடிவமும் வழக்கில் உண்டு. புல் விளக்கம் அங்கே எப்படிப் பொருந்தும்? ‘யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம்’ என்பதை ‘ஆ நெய், பூ நெய்’ என்று பிரிப்பதும் இதே ரகம்.

இப்படி வரும் எந்த விளக்கத்தையும் நம்புமுன் ஒரு கேள்வி கேட்டால் போதும்: இதற்கு நெருக்கமான வேறு வடிவங்களிலும் இந்த விளக்கம் நிற்கிறதா? தமிழ்ப் பழமொழிகள் அச்சில் இல்லாதவை அல்ல. பீட்டர் பெர்சிவல் 1874இல் 6,000க்கும் மேற்பட்ட பழமொழிகளை ஆங்கில விளக்கத்தோடு வெளியிட்டார். ஹெர்மன் ஜென்சன் 1897இல் இன்னொரு தொகுப்பைக் கொண்டுவந்தார். ஆசிரியர்கள் இவற்றைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வது நல்லது.

பக்கத்து வீட்டோடு பகிர்ந்த விலங்குகள்

ஆங்கிலம் ‘பன்றிக்கு முன் முத்து’ என்கிறது. மத்தேயு நற்செய்தியில் வரும் வாக்கு அது. நாம் ‘குரங்கு கையில் பூமாலை’ என்கிறோம். மலாய்க்காரர்கள் ‘குரங்குக்குப் பூ கிடைத்தது போல’ என்கிறார்கள்: ‘செப்பெர்த்தி கெரா மெண்டாப்பாட் பூங்கா.’ நாமும் அவர்களும் ஒரே குரங்கைத்தான் பார்த்திருக்கிறோம். தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவில் கையில் பையோடு நடந்தவர்களுக்கு, குரங்கு கையில் ஒரு பொருள் சிக்கினால் அதன் கதி என்ன என்று தெரியும்.

தவளையும் அப்படியே. நமக்குக் ‘கிணற்றுத் தவளை’. சீனர்களுக்கும் கிணற்றுத் தவளைதான். அவர்களுடைய பழைய தத்துவ நூலான சுவாங் சீயில் கிணற்றுத் தவளையும் கடல் ஆமையும் பேசிக்கொள்கின்றன. மலாயில் அந்தத் தவளை தேங்காய்ச் சிரட்டைக்கு அடியில் இருக்கிறது: ‘காத்தாக் டி பாவா தெம்பூரோங்.’ ஆங்கிலத்தில் இதற்கு நேரான பழகிய தொடர் இல்லை. ஒரே வகுப்பில் மூன்று இனப் பிள்ளைகளும் உட்காரும் இடைநிலைப்பள்ளியில் இந்தத் தவளையை வைத்தே ஒரு பாடம் நடத்தலாம்.

இன்னொன்று. மலாயில் கழுதைக்குப் பெயரே ‘கெல்டாய்’. அது நம் ‘கழுதை’யிலிருந்து போனது. பழமொழிக்கு முன்னால் விலங்கின் பெயரே கப்பலேறி வந்திருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு சிறு பட்டியல்

பிள்ளைகள் ஆங்கிலத் தொடரைக் கொண்டுவந்து தமிழில் கேட்டால் உதவியாக இருக்கும் என்று சிலவற்றைத் தருகிறேன்.

- ஸ்கேப்கோட்: பலிகடா. மலாயில் கம்பிங் ஹீத்தாம்.
- பிளாக் ஷீப்: கறுப்பு ஆடு. மலாயில் கம்பிங் ஹீத்தாம் என்று எழுதக் கூடாது.
- வைட் எலிஃபண்ட்: யானையைக் கட்டித் தீனி போடுவது.
- குரோக்கடைல் டியர்ஸ்: முதலைக் கண்ணீர், ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதது.
- டாக் இன் தி மேஞ்சர்: வைக்கோல் போர் நாய். தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது.
- கிஃப்ட் ஹார்ஸ்: தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது.
- டூ பேர்ட்ஸ் வித் ஒன் ஸ்டோன்: ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.
- கேட்ஸ் அண்ட் டாக்ஸ்: பேய்மழை, வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது.
- புக்வோர்ம்: புத்தகப் புழு. மலாயில் ஊலாட் பூக்கு.

பட்டியலைவிட முக்கியம், அதை எப்படிப் பயன்படுத்துவது என்பது. விலங்கின் பெயரைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்க்கக் கூடாது. அந்த விலங்கு தொடருக்குள் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். பழி சுமக்கிறதா, பழிக்குக் காரணமாகிறதா? ஏமாற்றுகிறதா, ஏமாறுகிறதா? அதே வேலையைச் செய்யும் தமிழ்த் தொடர் எது என்று பிறகு தேட வேண்டும். பல சமயம் அதைத் தெரிந்தவர் வீட்டிலேயே இருப்பார்.

செபராங் பிறை கரும்புத் தோட்டங்களுக்கும் பிறகு ரப்பர் தோட்டங்களுக்கும் வந்தவர்கள் மாட்டையும் ஆட்டையும் மட்டும் வளர்க்கவில்லை. அவற்றைப் பற்றிய பேச்சையும் கொண்டுவந்து வளர்த்தார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு, அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த பிறகு மாட்டுக்கொட்டகை இல்லை. கொட்டகை இல்லாத வீட்டில் ‘வைக்கோல் போர் நாய்’ என்று யார் சொல்லப் போகிறார்கள்? இந்த வார இறுதியில் பாட்டியிடமோ தாத்தாவிடமோ உட்கார்ந்து, ‘ஆடு, மாடு, நாய், நரி வச்சு என்னென்ன சொல்லுவீங்க?’ என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். எந்தச் சூழலில் சொல்வார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அந்த முன்னாள் பொருளாளரை அதன்பின் ஒரு கோயில் திருவிழாவில் பார்த்தேன். கணக்கில் அவர்மேல் தவறு இல்லை என்று சங்கமே பிறகு சொல்லிவிட்டதாம். “அதை ஒரு நாளாவது பேப்பர்ல போட்டாங்களா தங்கச்சி?” என்று கேட்டார். போடவில்லை. என்னிடம் பதில் இல்லை.